‘வாக்’ மட்டும் போதுமா? தேவதானத்துத் தெருவில் ஆங்கில நடை பழகுவோம்



ஆங்கிலம் பழகும் பகுதிக்கு இந்த மாசம் எழுத வேண்டியது என் முறை. தலைப்புக்காக நான் யோசிக்கவே இல்லை. போன செமஸ்டர் லீவில் எங்க வீட்டில் நடந்த ஒரு சம்பவமே அதைக் கொடுத்துவிட்டது.

போனில் மாட்டிக்கொண்ட கதை

எங்க ஊர் தேவதானம். இராஜபாளையம் வட்டம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் ஊர் என்றால் எங்க பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். லீவுக்குப் போனபோது ஆச்சியின் நடையில் ஏதோ ஒரு மாற்றம் தெரிந்தது. கேட்டால், “வயசாச்சுல்ல” என்று எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள். பெங்களூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அங்கே ஒரு நரம்பியல் டாக்டரிடம் வீடியோ காலில் பேச நேரம் வாங்கிக் கொடுத்தார்.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. வீட்டில் இன்ஜினியரிங் படிக்கிறவன் நான் ஒருத்தன்தான். ஆகவே மொழிபெயர்ப்பு வேலை என் தலையில். நம்ம ஊர் சிக்னலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. படம் உறைந்துபோய் நின்றது, குரல் மட்டும்தான் ஒழுங்காக வந்தது.

“ஷீ கெனாட் வாக் ப்ராப்பர்லி, டாக்டர்” என்று ஆரம்பித்தேன்.

“ஹவ் டஸ் ஷீ வாக்?”

“ஸ்லோலி, டாக்டர்.”

இந்த வயசில் எல்லாருமே மெதுவாகத்தான் நடப்பார்கள், எப்படி நடக்கிறார் என்று சொல்லுங்கள் என்றார். நான் ஆச்சியைப் பார்த்தேன். ஆச்சி சொன்னாள்:

“காலு தரைய விட்டு எந்திரிக்க மாட்டேங்குது ராசா. இழுத்துக்கிட்டே போவுது.”

அதை நான் அப்படியே ஆங்கிலத்தில் கொட்டினேன்: “ஹர் லெக் இஸ் நாட் கெட்டிங் அப் ஃப்ரம் த ஃப்ளோர், டாக்டர்.”

அந்தப் பக்கம் குரலே மாறிவிட்டது. கீழே விழுந்துவிட்டாரா, எப்போது விழுந்தார், எலும்பு முறிவு ஏதாவது உண்டா, இப்போது தரையிலா கிடக்கிறார் என்று வரிசையாகக் கேள்விகள். ஆச்சியோ என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு உடைத்துக்கொண்டிருக்கிறாள்! ஒரு வழியாக நான் சமாளித்து முடித்ததும், டாக்டர் பொறுமையாக மூன்று வார்த்தைகளைச் சொன்னார். “டஸ் ஷீ லிம்ப்? டஸ் ஷீ ஸ்டாகர்? ஆர் டஸ் ஷீ ஷஃபிள்?”

பன்னிரண்டு வருஷம் பள்ளியில் ஆங்கிலம், அதற்கு மேல் கல்லூரியில் கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த ‘ஷஃபிள்’ சீட்டுக்கட்டிலும் பாட்டு ஆப்பிலும்தான் இருந்தது. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு அகராதியைத் தேடினேன். அப்போதுதான் புரிந்தது: மூன்றும் மூன்று வேறு திசைகள்.

‘லிம்ப்’ என்றால் நொண்டுவது. ஒரு காலில் வலி, அதனால் அந்தக் காலில் பாரம் போடாமல் நடப்பது. இடுப்பு, முழங்கால், பாதம் என்று டாக்டரின் யோசனை போகும். ‘ஸ்டாகர்’ என்றால் தள்ளாடுவது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடப்பது. அங்கே உடம்பின் சமநிலைதான் கேள்வி. ‘ஷஃபிள்’ என்றால் பாதத்தைத் தூக்காமல், தரையில் தேய்த்துக்கொண்டே சின்னச் சின்ன அடியாக வைப்பது. ஆச்சி சொன்னது அட்சரம் பிசகாமல் இதைத்தான்!

“ஷீ ஷஃபிள்ஸ், டாக்டர்” என்றேன். உடனே அடுத்த கேள்விகள் வந்தன. நடக்கும்போது கை வீசுகிறாரா? திரும்பும்போது பல சின்ன அடிகள் எடுத்துத் திரும்புகிறாரா? சும்மா இருக்கும்போது கை நடுங்குகிறதா? பதில்களைக் கேட்டுவிட்டு, தள்ளிப் போடாமல் நேரில் அழைத்து வாருங்கள் என்றார். நேரில் பரிசோதித்ததில் பார்க்கின்சன் நோயின் ஆரம்பக் கட்டம் என்று தெரிந்தது. (தேய்த்து நடக்கிற எல்லாருக்கும் அந்த நோய் என்று அர்த்தமில்லை. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

ஒரு வினைச்சொல் தெரியாததால் பத்து நிமிஷம் தப்பான பாதையில் போனோம். அது தெரிந்ததும் பேச்சு நேராக வந்தது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பாடம்.

கோளாறு எங்கே? சீட் மாறி உட்கார வேண்டும்

தமிழில் நாம் எப்படிச் சொல்கிறோம் என்று முதலில் பாருங்கள்.

• ஆச்சி காலைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தாள்.
• மாமா நொண்டிக்கொண்டே வெளியே போனார்.
• பையன் விறுவிறுவென்று மேலே ஏறினான்.

மூன்றிலும் முற்றுவினை எது? வந்தாள், போனார், ஏறினான். அவை மூன்றும் திசையைச் சொல்கின்றன. எப்படி என்பதைச் சொல்வது யார்? தேய்த்துக்கொண்டே, நொண்டிக்கொண்டே என்ற வினையெச்சமும், விறுவிறு என்ற இரட்டைக்கிளவியும். அதாவது தமிழில் ‘எப்படி’ என்பது துணைக்கு வருகிற ஆள். ‘எங்கே’ என்பதுதான் முற்றுவினையின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் இது அப்படியே தலைகீழ்.

• ஷீ ஷஃபிள்ட் இன்.
• ஹீ லிம்ப்ட் அவுட்.
• த பாய் ஹரீட் அப்.

‘எப்படி’ என்பது வினைச்சொல்லுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ‘எங்கே’ என்பது இன், அவுட், அப் என்ற குட்டிச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. உலக மொழிகள் இப்படி இரண்டு விதமாகப் பிரிகின்றன என்பதை அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் டால்மி 1985-ல் வெளியான கட்டுரையில் விரிவாக எழுதினார்.

இதனால் தமிழில் சொல் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். தவழ், ஊர், நொண்டு, தள்ளாடு, உலாத்து என்று நம்மிடமும் வினைச்சொற்கள் இருக்கின்றன. சரசர, விறுவிறு, தத்தக்கா பித்தக்கா மாதிரியான துணைச்சொற்களோ கொட்டிக் கிடக்கின்றன. இரட்டைக்கிளவிக்குத் தொல்காப்பியமே இலக்கணம் சொல்லியிருக்கிறது. வேறுபாடு பழக்கத்தில்தான். நாம் தமிழில் யோசித்து மொழிபெயர்க்கும்போது முதலில் ‘வாக்’ வருகிறது, அப்புறம் ஸ்லோலி, ஃபாஸ்ட்லி என்று ஒட்ட வைக்கிறோம். (‘ஃபாஸ்ட்லி’ என்று ஒரு சொல்லே கிடையாது. ‘ஃபாஸ்ட்’ மட்டும்தான்!)

ஆகவே சூத்திரம் இதுதான். நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

தமிழ்: எப்படி (எச்சம்) + எங்கே (முற்று)
ஆங்கிலம்: எப்படி (வினை) + எங்கே (இன், அவுட், அப், டவுன், அக்ராஸ், டு)

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆறு சொற்கள்

பயப்பட வேண்டாம். நடையைச் சொல்லும் வினைச்சொற்களில் ஆறு நம்ம சிலபஸிலேயே இருக்கின்றன.

1. கிரீப் – மெக்கானிக்கல், சிவில் மக்களுக்குத் தெரியும். மாறாத சுமையின் கீழ், காலப்போக்கில் பொருள் மெல்ல மெல்ல உருமாறுவது. நடையிலும் அதே அர்த்தம்: யாருக்கும் தெரியாமல் மெதுவாக ஊர்ந்து போவது.

2. ஸ்ட்ரைட் – டீப் லேர்னிங் படிப்பவர்கள் கன்வல்யூஷன் ஃபில்டர் ஒரு தடவைக்கு எத்தனை பிக்சல் தாண்டுகிறது என்பதற்கு இந்தச் சொல்லைப் போடுவார்கள். நடையில், நீளமான எட்டு. தன்னம்பிக்கையோடு எட்டு வைத்து நடப்பது.

3. ஹாப் – நெட்வொர்க்கில் ஒரு ரௌட்டரிலிருந்து அடுத்த ரௌட்டருக்குத் தாவுவது. நடையில் ஒற்றைக் காலால் தாவுவது. தெருவில் பாண்டி ஆடியவர்கள் எல்லாரும் ஹாப் செய்தவர்கள்தான்.

4. கிரால் – இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போகிற கிராலர். குழந்தை கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்வது.

5. லிம்ப் – ஆட்டோமொபைல்காரர்கள் ‘லிம்ப் மோட்’ என்பார்கள். காரின் கட்டுப்பாட்டு யூனிட் கோளாறைக் கண்டதும் பவரைக் குறைத்து, ஒர்க்‌ஷாப் வரை மெதுவாகப் போய்ச் சேர விடும். நொண்டி நொண்டி வீடு சேர்வது, அவ்வளவுதான்.

6. ஸ்டாகர் – ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்களை நேர் வரிசையில் வைக்காமல் ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி வைப்பது ‘ஸ்டாகர்ட்’ அமைப்பு. தள்ளாடுகிறவரின் காலடித் தடத்தை மனசில் வரைந்து பாருங்கள். அதுவும் இப்படி இடமும் வலமுமாகத்தான் விழும்.

தேவதானத்தில் ஒரு நாள்

மீதிச் சொற்களை அகராதி வரிசையில் மனப்பாடம் செய்தால் பரீட்சைக்கு மறுநாள் மறந்துபோகும். அதனால் எங்க ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் பார்க்கிற ஆட்களோடு சேர்த்துத் தருகிறேன். நீங்கள் உங்க ஊர் ஆட்களைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

*அவசரம் இல்லாத நடை*

ஸ்ட்ரோல்: காற்று வாங்க, சந்தோஷத்துக்காக நடப்பது. சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் பக்கம் பால்கோவா வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, 192 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி போனால் அது ஸ்ட்ரோல். ‘வீ ஸ்ட்ரோல்ட் அரௌண்ட் த டெம்பிள்.’

சான்ட்டர்: இதுவும் நிதானம்தான், ஆனால் ‘எனக்கென்ன அவசரம்’ என்ற தோரணை சேர்ந்தது. ஒன்பது மணி வகுப்புக்கு ஒன்பதே காலுக்கு, கையை ஆட்டிக்கொண்டு கூலாக வருகிறவன் சான்ட்டர் செய்கிறான்.

வாண்டர்: போகிற இடம் என்று ஒன்று இல்லாமல் சுற்றுவது. கார்ல் பியர்சன் என்ற புள்ளியியலாளர் 1905-ல் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில்தான் ‘ராண்டம் வாக்’ என்ற பெயர் வந்தது. ஒவ்வொரு அடியும் ஏதோ ஒரு திசையில். அதைச் சாதாரண ஆங்கிலத்தில் சொன்னால் வாண்டர்.

*குறிக்கோள் உள்ள நடை*

மார்ச்: ஒரே சீராக, உறுதியோடு நடப்பது. என்.சி.சி. பரேடு மட்டும் இல்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கக் கால்நடையாகப் போனதை ஆங்கிலத்தில் ‘சால்ட் மார்ச்’ என்றே எழுதுகிறார்கள். ‘வாக்’ என்றால் அந்த உறுதி காணாமல் போயிருக்கும். கோபத்தில் நேராக ஆபீஸ் ரூமுக்குள் போவதும் மார்ச்தான்: ‘ஷீ மார்ச்ட் இன்டு த ஆபீஸ்.’

பேஸ்: ஒரே இடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பது. உள்ளே கவலையோ பதற்றமோ இருக்கும். பிரசவ வார்டுக்கு வெளியே இருக்கிற அப்பாக்களின் நடை. ‘ஹீ பேஸ்ட் அப் அண்ட் டவுன்.’

இன்ச்: ஆமாம், அளவுகோலில் இருக்கிற அதே இன்ச்! வினைச்சொல்லாகவும் வரும். தேரோட்டத்தன்று வடம் பிடித்து எல்லாரும் சேர்ந்து இழுக்க, தேர் அசைந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்கிறதே, அதுதான். ‘த டெம்பிள் கார் இன்ச்ட் ஃபார்வர்ட்.’

*கஷ்டமான நடை*

ட்ரெக்: நீண்ட, கடினமான பயணம். ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஆடி அமாவாசைக்கு தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி மலைக்கு ஏறுவது நல்ல உதாரணம்.

ட்ரட்ஜ்: அந்த மலையிலிருந்து இறங்கும்போது, தண்ணீர் பாட்டில் காலி, தொடை நடுங்க, ஒவ்வொரு அடியும் கனக்க வருகிறோமே, அது. ட்ரெக் என்பது பயணத்தைச் சொல்கிறது. ட்ரட்ஜ் என்பது காலின் களைப்பைச் சொல்கிறது.

வேட்: தண்ணீருக்குள் நடப்பது. எங்க ஊருக்கு மேற்கே சாஸ்தா கோயில் ஆற்றில் முழங்கால் தண்ணீரில் கல்லைத் தேடித் தேடிக் கால் வைத்தால் அது வேட். நீந்துவது இல்லை, கால் தரையில் பட வேண்டும். ‘வீ வேடெட் அக்ராஸ் த ரிவர்.’

*உடம்பு சொல்லும் நடை*

லிம்ப், ஸ்டாகர், ஷஃபிள் மூன்றையும் பார்த்துவிட்டோம். இன்னும் நான்கு.

ஹாபிள்: இரண்டு காலும் ஒத்துழைக்காமல், சிரமப்பட்டுத் தத்தித் தத்தி நடப்பது. முழங்கால் வலிக்காரர்களின் காலைநேர நடை. லிம்ப் என்றால் ஒரு பக்கத்துக் கோளாறு. ஹாபிள் என்றால் மொத்தமாகவே தடுமாற்றம்.

ஸ்டம்பிள்: கால் எதிலோ தடுக்கி, விழப் பார்த்துச் சமாளிப்பது. ஸ்டாகர் செய்கிறவருக்குப் பிரச்சினை உள்ளே. ஸ்டம்பிள் செய்கிறவருக்குப் பெரும்பாலும் பிரச்சினை தரையில்.

டாடில்: குழந்தையின் முதல் அடிகள். ‘டாட்லர்’ என்ற சொல் இதிலிருந்துதான் வந்தது.

வாடில்: வாத்து நடை. இரண்டு பக்கமும் ஆடி ஆடி, சின்ன அடியாக.

*மறைவான நடை, காட்டு நடை*

டிப்டோ: நுனிக்காலில் நடப்பது. ராத்திரி லேட்டாக வந்து, அப்பா முழித்துவிடக் கூடாது என்று படியேறியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஸ்னீக்: யாரும் பார்க்காமல் நழுவுவது. டிப்டோவில் சத்தம் வரக் கூடாது. ஸ்னீக்கில் மாட்டக் கூடாது.

ப்ரௌல்: இரையைத் தேடிப் பதுங்கித் திரிவது. எங்க மேற்கு மலை 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே புலி செய்வது ப்ரௌல்.

லம்பர்: கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அசைந்து அசைந்து போவது. மலையடிவாரத் தோப்புக்குள் இறங்குகிற யானைக்குப் பொருந்தும்.

ட்ராட்: நாலு கால் பிராணிகளின் மிதமான ஓட்டநடை. வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் நாய் எஜமானரின் சைக்கிளுக்குப் பின்னாலேயே வருகிறதே, அது.

*காட்டிக்கொள்ளும் நடை*

ஸ்டிரட்: நெஞ்சை நிமிர்த்தி, ‘என்னைப் பார்’ என்று நடப்பது. எங்க பக்கம் வயலில் மயிலுக்குப் பஞ்சமில்லை. அதைப் பார்த்தாலே சொல் மறக்காது.

ஸ்வாகர்: தோளை ஆட்டி, கெத்தாக நடப்பது. நம்ம மாஸ் ஹீரோக்களின் ஸ்லோமோஷன் என்ட்ரி.

ஆங்கிலம் திணறும் இடமும் உண்டு

ஒரு கணக்கு சரிபார்ப்போம். கோயிலில் அடிப்பிரதட்சணம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பாதத்தின் குதிகால் மற்றப் பாதத்தின் விரலைத் தொடும்படி, அடிமேல் அடியாக வைத்துச் சுற்றி வருவது. இதற்கு ஆங்கிலத்தில் ஒற்றை வினைச்சொல் கிடையாது. ‘ஷீ வாக்ட் ஹீல் டு டோ அரௌண்ட் த ஷ்ரைன்’ என்று விளக்கித்தான் ஆக வேண்டும். ‘பாதயாத்திரை’யும் அப்படித்தான். இந்தியப் பத்திரிகைகள் ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லை அப்படியே எழுதுகின்றன. ஒரு சமூகம் எந்த நடையை அதிகமாகக் கவனிக்கிறதோ, அதற்கு அது பெயர் வைத்துக்கொள்கிறது. சொல் இல்லாத இடத்தில் ‘வாக்’ போட்டு விளக்குவதில் வெட்கம் எதுவும் இல்லை.

வழுக்கும் இடங்கள்

1. ‘நான் நடந்தே வந்தேன்’ என்பதற்கு ‘ஐ கேம் பை வாக்’ என்கிறோம். பை பஸ், பை ட்ரெயின் சரி. பை வாக் தவறு. ‘ஐ கேம் ஆன் ஃபுட்’ அல்லது சுருக்கமாக ‘ஐ வாக்ட்’.

2. ‘ஐ வென்ட் டு வாக்கிங்’ வேண்டாம். ‘ஐ வென்ட் ஃபார் எ வாக்’.

3. வாக் வேறு, வொர்க் வேறு. ‘வாக்’கில் எல் எழுத்து வாயில் வராது. இன்டர்வியூவில் ‘ஐ வாக் இன் எ கம்பெனி’ என்று காதில் விழுந்தால், நீங்கள் அங்கே வேலை பார்க்கிறீர்களா உலாத்துகிறீர்களா என்று அவர்களுக்குக் குழப்பம் வரும்.

4. வாண்டர், வண்டர் இரண்டும் உச்சரிப்பில் நம்மை ஏமாற்றும். ஏ எழுத்து வந்தால் வாண்டர், அது சுற்றித் திரிவது. ஓ எழுத்து வந்தால் வண்டர், அது வியப்பது.

5. இறந்தகாலம்: வாக்ட், லிம்ப்ட், ஸ்ட்ரோல்ட் எல்லாம் இழுக்காமல் சொல்ல வேண்டியவை. ‘வாக்கெட்’ கிடையாது. ‘வேட்’ மாதிரி டகர ஒலியில் முடிகிற சொல்லுக்குத்தான் ‘வேடெட்’. இரண்டு சொற்கள் மட்டும் தனி வழி: கிரீப் – கிரெப்ட், ஸ்ட்ரைட் – ஸ்ட்ரோட்.

6. சொல்லுக்குள் இருப்பதை மறுபடி சொல்லாதீர்கள். ‘ட்ரட்ஜ்ட் டயர்ட்லி’, ‘டிப்டோட் சைலன்ட்லி’ எல்லாம் நடுசென்டர் மாதிரி. களைப்பும் அமைதியும் வினைக்குள்ளேயே இருக்கின்றன.

7. சில சொற்களுக்குள் அபிப்பிராயம் ஒளிந்திருக்கிறது. வாடில் என்றால் கிண்டல். ஸ்டிரட், ஸ்வாகர் என்றால் திமிர் என்ற வாசனை. ‘லாய்ட்டர்’ என்றால் சும்மா நிற்பது, திரிவது. அதில் சந்தேகமும் சேர்ந்திருக்கும். மேனேஜர் வந்ததை ஈமெயிலில் எழுதும்போது ‘ஸ்வாகர்’ வேண்டாம், ‘வாக்’ போதும்!

உங்களுக்கு ஒரு பயிற்சி

கீழே உள்ளவற்றை ஒரே ஒரு ஆங்கில வினையால் சொல்லுங்கள். விடையை முதலில் பார்க்கக் கூடாது.

அ. ரிசல்ட் வருகிற ராத்திரி, ஹாஸ்டல் வராண்டாவில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்துகொண்டே இருந்தான்.
ஆ. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு, மழையில் நாலு கிலோமீட்டர் கால் கனக்க வந்தோம்.
இ. கரண்ட் போன நேரம். வாசல்படி தடுக்கி விழப் பார்த்தார்.
ஈ. கிரிக்கெட்டில் ஒரு கணுக்கால் சுளுக்கிய விக்கெட் கீப்பர் மைதானத்தை விட்டு வெளியே வந்தார்.
உ. ஓடையில் பாலம் இல்லை. பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அக்கரைக்குப் போனோம்.
ஊ. கூட்ட நெரிசலில் மாட்டிய கார் துளித் துளியாக முன்னேறியது.
எ. தொட்டிலில் குழந்தை தூங்குகிறது என்று நுனிக்காலில் அறையைத் தாண்டினாள்.
ஏ. பிரசன்டேஷனுக்கு அழைத்ததும், நிமிர்ந்த தலையோடு நீள எட்டு வைத்து மேடைக்குப் போனாள்.

விடைகள்: அ – பேஸ்ட்; ஆ – ட்ரட்ஜ்ட்; இ – ஸ்டம்பிள்ட்; ஈ – லிம்ப்ட்; உ – வேடெட்; ஊ – இன்ச்ட்; எ – டிப்டோட்; ஏ – ஸ்ட்ரோட்.

ஆறுக்கு மேல் சரி என்றால் கேண்டீனில் உங்களுக்கே நீங்கள் ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே என்றால் ஒரு வழி சொல்கிறேன், நான் செய்து பார்த்தது. தினமும் பஸ் ஸ்டாப்பில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். போகிற வருகிறவர்கள் காலை மட்டும் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வினை, கூடவே ஒரு இன், அவுட், அக்ராஸ். மனசுக்குள் சொன்னால் போதும். ஒரு வாரத்தில் ‘வாக் ஸ்லோலி’ தானாக வாயை விட்டுப் போய்விடும்.

போன வாரம் வீட்டுக்குப் போன் பண்ணினேன். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். தரையில் கோடு போட்டு, அதைத் தாண்டித் தாண்டி நடக்கிற பயிற்சியும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்; அம்மா திண்ணைக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். “எப்படி ஆச்சி நடக்க?” என்று கேட்டேன்.

“காலு இப்ப கொஞ்சம் எந்திரிக்குது ராசா. கோயிலு முக்கு வரைக்கும் போயிட்டு வந்தேன்.”

இந்தத் தடவை அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்க வீட்டுப் பெரியவர்களின் நடையை இந்த லீவில் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். சொல் கிடைத்தால் எழுதி அனுப்புங்கள்.

அடுத்த இதழில் ‘லுக்’ தவிர வேறு எப்படியெல்லாம் பார்க்கலாம் என்று பார்ப்போம்.